முழங்கால் மடங்காவிட்டால்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பரங்கிமலை நிலையத்தில் இறங்கினால், சிறிது தூரத்தில் மலையடிவாரம். உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய மாதா கோயில். ஏறிப் போக 130-க்கும் மேற்பட்ட படிகள். வண்டி போகும் பாதையும் இருக்கிறது. ஆனாலும் நேர்ந்துகொண்டவர்களுக்குப் படியேறினால்தான் திருப்தி!

அந்தப் படியோரத்தில் ஒரு பாட்டி கைத்தடியைப் பக்கத்தில் சாத்திவிட்டு, மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நாற்பது வருஷம் மண்டி போட்டு ஜெபம் பண்ணினேன். இப்போ முழங்கால் மடங்க மாட்டேங்குது. நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டா ஆண்டவர் காதில் விழுமாம்மா?"

மருமகள் என்ன சொல்வாள், பாவம்! வயதானவர்கள் உள்ள எத்தனையோ வீடுகளில் எழும் கேள்வி அல்லவா இது?

வேதாகமத்தையே புரட்டிப் பார்ப்போம். தானியேல் நாள்தோறும் மூன்று வேளை முழந்தாளிட்டார். தாவீது ராஜாவோ ஆண்டவர் சந்நிதியில் உட்கார்ந்து ஜெபித்தார். ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டான். சிறுவன் சாமுவேல் அழைப்பைக் கேட்டது படுக்கையில்! மார்த்தாள் வேலையில் மூழ்கியிருக்க, மரியாள் இயேசுவின் பாதத்தருகே அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டாள்.

ஆதித் திருச்சபையிலும் முழந்தாள் ஒன்றே வழியாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் நின்றே ஜெபிக்க வேண்டுமென்று 325-இல் நிசேயா சங்கம் விதித்தது. உயிர்த்தெழுதலின் மகிழ்ச்சிக்கு நிற்பதுதான் அடையாளம்.

நம் நாட்டு வழக்கத்துக்கும் இடம் கிடைத்தது. இந்திய ஆயர்கள் கேட்ட 12 மாற்றங்களை 1969 ஏப்ரலில் ரோமாபுரி அனுமதித்தது. அதன்படி தரையில் அமர்ந்து பூசை காணலாம். செருப்பைக் கழற்றி வைக்கலாம். முழங்காலை மடக்கி வணங்குவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம். பஞ்சாங்க நமஸ்காரமும் செய்யலாம்.

அப்படியானால் எப்படி இருந்தாலும் ஒன்றுதானா? அதுவும் இல்லை. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிறோம்; உடம்பு எழும்போது மனசும் எழுகிறது. நிற்பது மரியாதை, மண்டியிடுவது சரணாகதி, அமர்வது செவிசாய்ப்பது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு உடனே எழுந்து அடுப்படிக்கு ஓடினால், கேட்பதற்கு நேரம் ஏது?

ஆகவே முழங்கால் வலிக்காரர்கள் கலங்க வேண்டாம். முதுகை நிமிர்த்தி, இரு பாதங்களும் தரையில் படிய நாற்காலியில் அமருங்கள். கைகளை மடியில் விரித்து வையுங்கள். மூச்சு தானே நிதானப்படட்டும். விண்ணப்பங்கள் முடிந்தபின் ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். அந்த ஐந்து நிமிஷம் அவருடையது.

பாட்டியிடம் ஒன்றுதான் சொன்னேன்: "முதிர்ந்த வயதில் யாக்கோபு கைத்தடியில் சாய்ந்தபடியே தொழுதாராம், பாட்டி. எபிரெயர் நிருபத்தில் இருக்கிறது."

பாட்டியின் முகத்தில் சிரிப்பு வந்தது. "அவருக்கும் முழங்கால் வலிதான் போலிருக்கு!" என்றபடியே தடியை எடுத்து அடுத்த படியில் ஊன்றினார்.