ஏழைகளுக்காக ஓடப் போகிறீர்களா?

"டிரெசர் ஐயா, கோலாலம்பூரில் ஓட்டப் பந்தயம் வைக்கிறாங்களாம். உலகத்துல பட்டினி கிடக்கிற சனங்களுக்காகவாம். ஓடினா பட்டினி தீர்ந்திடுமா?"

மருந்து வாங்க வந்த தோழர் ஒருவர் இப்படிக் கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கும் அவர் மகன் ஓடுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டானாம். கேள்வி நியாயமானதுதான். எனவே இந்த முறை இருமல், காய்ச்சலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதைப் பேசுவோம்.

இந்த மாதிரி ஓட்டங்களில் மிகப் பெரிய ஒன்று 1986-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி நடந்தது. 'ஸ்போர்ட் எய்ட்' என்று பெயர். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் எத்தியோப்பியா, சூடான் பக்கம் கொடிய பஞ்சம். சூடான் நாட்டு ஓட்டக்காரர் ஒமர் கலிஃபா, தம் நாட்டு அகதி முகாமில் ஏற்றிய தீப்பந்தத்தோடு ஐரோப்பிய நகரங்கள் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அன்று 89 நாடுகளில் ஏறக்குறைய 2 கோடி பேர் ஓடினார்கள். வசூல் 3 கோடியே 70 லட்சம் டாலர். தேதியையும் பார்த்துத்தான் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஆப்பிரிக்காவின் கஷ்டத்தைப் பற்றிப் பேசச் சிறப்புக் கூட்டம் கூட்டியிருந்தது. கூட்டத்தில் ஒரு திட்டமும் நிறைவேறியது. ஆனால் அந்த நாடுகளின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த கடன் அப்படியே நின்றது. ஓட்டத்தால் காசு வந்தது, உலகத்தின் கண்ணும் கொஞ்சம் திறந்தது. அதற்கு மேல் செய்ய வேண்டியவர்கள் ஓடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது 6 கிலோமீட்டர் நடை என்று ஒன்று பல நாடுகளில் நடத்துகிறார்கள். ஏழை நாடுகளில் பெண்களும் பிள்ளைகளும் தண்ணீருக்காக நடக்கும் சராசரி தூரமாம் அது. நகரத்துப் பிள்ளைகள் ஒரு நாளாவது அதை நடந்து பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் நம்ம தோட்டத்துப் பாட்டிமார்களைக் கேட்டால் சிரிப்பார்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போய், நிரையில் ஐந்நூறு அறுநூறு மரம் வெட்டி, திரும்பவும் அதே மரங்களுக்குப் போய்ப் பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தோளில் போட்டு மேட்டிலும் பள்ளத்திலும் இறங்கி ஸ்டோருக்கு வந்தவர்கள் அவர்கள். யாரும் அவர்களுக்குப் பனியன் கொடுக்கவில்லை, பதக்கம் மாட்டவில்லை. அந்தத் தோள்பட்டை வலிக்கு இன்றைக்கும் நான் தைலம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நம்ம பக்கத்திலேயே இந்த விஷயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது சைக்கிள் சரித்திரம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது! சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, ஒழுங்கான மருத்துவ வசதி ஆகியவையும் அதே பட்டியலில் இருந்தன. கூலியும் மருந்தும் கேட்ட அதே மூச்சில் சைக்கிளில் உட்கார்ந்து போகும் உரிமையையும் கேட்டிருக்கிறார்கள். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

அறுபத்தேழு ஆண்டு கழித்து, 2008 டிசம்பரில், அந்த சைக்கிள் வேறு விதமாக ரோட்டுக்கு வந்தது. 'ஜெரிட்' என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள் அமைப்பு ஏற்பாடு செய்த பயணம் அது. வடக்கிலிருந்து ஓர் அணி, தெற்கே ஜொகூரிலிருந்து ஓர் அணி, கோலாலம்பூர் நாடாளுமன்றத்தை நோக்கி மிதித்துக்கொண்டு வந்தன. டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கி 18-ஆம் தேதி வரை, பதினாறு நாள். மிதித்தவர்களில் நிறையப் பேர் இளவட்டங்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வேண்டும், குடியிருக்க நல்ல வீடு வேண்டும், சாமான் விலையைக் கட்டுப்படுத்த வேண்டும், இன்னும் சில கோரிக்கைகள். போகிற ஊரிலெல்லாம் நோட்டீஸ் கொடுத்து விளக்கிச் சொன்னார்கள். வழியில் போலீஸ் தடுத்தது, சிலரைப் பிடித்துக்கொண்டும் போனது. எந்த அமைப்பு, எந்தக் கட்சி என்ற வாதம் இந்தப் பகுதிக்கு வேண்டாம். நான் பார்ப்பது ஒன்றுதான். இந்தப் பயணம் மைதானத்தைச் சுற்றி வந்து முடியவில்லை. முடிவு செய்கிறவர்களின் வாசலில், கையில் காகிதத்தோடு போய் நின்றது.

குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று சட்டமானது. 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. சைக்கிள்தான் இதைக் கொண்டு வந்தது என்று சொன்னால் அது பொய். எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் கேட்டது அது. ஆனால் கேட்டவர்களின் வரிசையில் அந்தப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆகவே அந்தத் தோழரின் மகனுக்கு என் பதில்: தம்பி, போய் ஓடு. ஓடும்போது எதற்காக ஓடுகிறாய் என்று நாலு பேருக்குச் சொல். ஓடி முடித்த பிறகு யாரிடம் போய்க் கேட்கப் போகிறாய் என்பதையும் யோசித்து வை.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

முதலில் இரத்தம். நம்ம பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருக்கிறது, தெரியாமலே வேலைக்குப் போகிறார்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உள்ளே வெளுத்திருந்தால் சந்தேகம்தான். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? அப்படியானால் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் முன் கிளினிக்கில் இரத்தம் பரிசோதியுங்கள். ஏழைகளுக்காக ஓடப் போகிறவரின் உடம்பிலேயே வறுமை குடியிருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டாமா?

இனிப்பு நீர் வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஊசி போடுகிறவர்கள் பசியாறாமல் ஓடவே கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே நின்று சீனித் தண்ணீரோ மிட்டாயோ சாப்பிட வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், நடக்கும்போது நெஞ்சு வலி கண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். நாற்பது தாண்டிய நம்ம ஆட்கள், "எனக்கு ஒன்னும் இல்ல" என்று மார்தட்டுகிறவர்கள், முக்கியமாக இதைப் படிக்கவும்.

நம்ம ஊர் வெயில் வேறு, புழுக்கம் வேறு. புழுக்கத்தில் வியர்வை காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால்தான் இந்த ஓட்டங்களை விடியும் முன்பே தொடங்குகிறார்கள். கூட ஓடுகிறவர் உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் அது சாதாரண மயக்கமல்ல. நிழலுக்குத் தூக்கிப் போய்ச் சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 999-க்குப் போன் போடச் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழலில் இறங்கிவிடும்.

தண்ணீரைத் தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும். பயந்துகொண்டு போத்தல் போத்தலாகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். மணிக்கணக்கில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கும், வாந்தி பேதி கண்டவர்களுக்கும் உப்புச் சீனிக் கரைசல் நல்லது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் தலை தட்டி 6 கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. உப்பு அதற்கு மேல் போகக்கூடாது. அற்பமாக நினைக்காதீர்கள். 1971-இல் வங்காளதேச அகதிகள் எல்லையோர முகாமில் காலராவில் நூற்றுக்கு முப்பது பேர் என்று மாண்டுகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலைக் கொடுத்துச் சாவை நூற்றுக்கு நாலுக்கும் கீழே கொண்டு வந்தார். அவர் வாளியிலும் பீப்பாயிலும் கலக்கிக் கொடுத்தது, நம்ம வீட்டு அடுப்படியில் இருக்கிற சாமான்தான்.

புதுச் சப்பாத்தை அன்றைக்கே போடாதீர்கள். இரண்டு வாரம் வேலைக்கும் கடைக்கும் போட்டுப் பழக்குங்கள். கொப்புளம் வந்தால் முள்ளால் குத்தாமல் சுத்தமான துணி கட்டி வாருங்கள். மறுநாள் சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் வீட்டில் படுத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெயர் கொடுத்தவர்கள் ஒரு வாரம் முந்தியே, தினமும் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு, அவரவர் கிளினிக்குக்குப் போய் இரத்தக் கொதிப்பும் சீனியும் பார்த்துக்கொள்ளவும். தோட்டத்தில் இருப்பவர்கள் டிரெசரிடம் காலையில் வாருங்கள், பெரட்டு முடிந்த கையோடு பார்த்துவிடலாம்.