'மதுரைக்கு வழி வாயிலே'ன்னு முதல்ல சொன்னது யாரு? 97,500 ரூபாய் கேள்வி!

"மதுரைக்கு வழி வாயிலே." நம்ம ஊர்ப் பேரை வச்சிருக்கிற பழமொழி. வழி தெரியலையா, வாயைத் திறந்து கேளுங்க, போய்ச் சேர்ந்துடலாம். அர்த்தம் அவ்வளவுதான். ஆனா சொன்னது யாருன்னு தேடினா மாட்டிக்குவீங்க. பெர்சிவல் பாதிரியார் 1874-ல் 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்த மாதிரித் தொகுப்புகளில் பழமொழி இருக்கும், சொன்னவர் பேர் இருக்காது.

'வாயில்'னா வாசல்னும் பொருள் உண்டு. விட்டவாசலைக் காட்டி, "கோட்டை வாசலைத்தான் அப்படிச் சொன்னாங்க"ன்னு ஒரு கதை கட்டிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏன்னா இதே பழமொழி வெளிநாட்டிலும் இருக்கு. போர்ச்சுகீசிய மொழியில், வாய் இருக்கிறவன் ரோமுக்குப் போவான். ரஷ்ய மொழியில், நாக்கு கீவ் வரைக்கும் கூட்டிட்டுப் போகும். ஜனங்க யாத்திரை போன ஊர் எதுவோ, அந்தப் பேர். யார்கிட்ட இருந்து யார் எடுத்தாங்கன்னு தேடுறதைவிட, வழி கேட்டு நடந்த இடத்தில் எல்லாம் தானா முளைச்சதுன்னு எடுத்துக்கிறதுதான் எனக்குச் சரியாப் படுது.

மாட்டுத்தாவணியில இறங்கினா, "அண்ணே, பெரியார் பஸ் எங்க நிக்கும்?"னு கூச்சமே இல்லாம கேட்கிறோம். புது ஆபீஸ்ல ஹெச்.ஆர்.கிட்ட மட்டும் வாய் வராது. அதுக்கு என்ன விலைன்னு பாருங்க.

2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. செப்டம்பர் வரை ஒரு கம்பெனியில மாசம் 1 லட்சம். அக்டோபர்ல வேலை மாறி மாசம் 1.5 லட்சம். முதல் கம்பெனி வருஷத்துக்கு 12 லட்சம்னு கணக்கு போடும். ரிபேட் கிடைச்சு வரி பூஜ்யம். ரெண்டாவது கம்பெனி தன்னோட 6 மாசத்தை மட்டும் பார்த்தா 9 லட்சம், அங்கேயும் பூஜ்யம். நிஜத்துல உங்க சம்பளம் 15 லட்சம். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போக 14.25 லட்சம். செஸ்ஸோட சேர்த்து வரி 97,500 ரூபாய். ரிட்டர்ன் போடும்போது வட்டியோட மொத்தமா கட்டணும். அப்போ இ.எம்.ஐ.யும் வாடகையும் வேற நிக்கும்.

சேர்ந்த முதல் வாரமே கேளுங்க: "சார், பழைய கம்பெனி சம்பள விவரம் தர்றேன், அதையும் சேர்த்து டி.டி.எஸ். பிடிப்பீங்களா?" நீங்க விவரம் கொடுத்துட்டா அவங்க சேர்த்துத்தான் பிடிக்கணும், சட்டமே அதுதான். மாசம் 16,250 ரூபாய் குறையும், மார்ச்சோட கணக்கு முடிஞ்சிடும். பழைய ஆபீஸோட கடைசி பே-ஸ்லிப்பை மட்டும் வெளியே வர்றதுக்கு முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. லாகின் போயிட்டா அதுக்கு வேற அலையணும்.