ஒரு சொல்லில் மாறும் தீர்ப்பு: சட்டப் பிரிவுகளில் ஆங்கில இலக்கணம்

புது தில்லி: ஆங்கிலத்தில் 'ஷால்' வர வேண்டிய இடத்தில் 'மே' என்று எழுதினால் பள்ளி மாணவனுக்கு ஒரு மதிப்பெண் குறையும். அதே ஐயம் ஒரு சட்டப் பிரிவில் எழுந்தால், ஒருவரது வேலையோ, சொத்தோ, விடுதலையோ அதனால் தீர்மானிக்கப்படும். கடந்த முக்கால் நூற்றாண்டில் உச்ச நீதிமன்றத்தின் பல முக்கிய வழக்குகள் இத்தகைய சிறு சொற்களைச் சுற்றியே நடந்துள்ளன.

இதற்குக் காரணம் உண்டு. அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவின்படி, நாடாளுமன்றம் வேறு வகையில் சட்டம் இயற்றும் வரை, உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் நடைபெற வேண்டும். மத்திய, மாநிலச் சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஆங்கிலம் அறியாத குடிமகனின் உரிமையும் ஆங்கில இலக்கணத்தின் வழியாகவே அளக்கப்படுகிறது.

'வேண்டும்' என்பதும் '-லாம்' என்பதும்

'ஷால்' என்றால் கட்டாயம். 'மே' என்றால் விருப்புரிமை. தமிழில் 'செய்ய வேண்டும்', 'செய்யலாம்' என்பதற்குள்ள வேறுபாடே இது. இந்த வேறுபாடு தெளிவாக வெளிப்படும் இடம் அரசியல் சட்டத்தின் 143-வது பிரிவு. பொது முக்கியத்துவம் வாய்ந்த கேள்வியைக் குடியரசுத் தலைவர் அனுப்பினால், உச்ச நீதிமன்றம் தனது கருத்தைத் தெரிவிக்க'லாம்' என்கிறது அதன் முதல் உட்பிரிவு. அரசியல் சட்டத்துக்கு முந்தைய உடன்படிக்கைகள் தொடர்பான தகராறுகளில் கருத்துத் தெரிவிக்க 'வேண்டும்' என்கிறது இரண்டாவது உட்பிரிவு. அயோத்தி தொடர்பாக 1993-இல் முதல் உட்பிரிவின் கீழ் அனுப்பப்பட்ட கேள்விக்கு விடையளிக்க 1994-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் சுதந்திரத்தை அளித்தது 'மே' என்ற ஒரு சொல்லே.

எனினும், இலக்கணம் சொல்வதே இறுதி என்று கொள்வதற்கில்லை. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என 320-வது பிரிவு கூறுகிறது. அங்குள்ள சொல் 'ஷால்' தான். ஆயினும், அவ்வாறு கலந்தாலோசிக்கவில்லை என்பதற்காக நடவடிக்கை செல்லாமல் போய்விடாது என்று உத்தரப் பிரதேச அரசு அலுவலர் ஒருவரது வழக்கில் 1957-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆணையத்தின் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது. கலந்தாலோசிக்கத் தவறினால் என்ன விளைவு என்று அரசியல் சட்டம் சொல்லவும் இல்லை என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் அடங்கும்.

உரிமையியல் வழக்குகளிலும் இதே நிலைதான். பிரதிவாதி 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும்; நீட்டித்தாலும் 90 நாளைத் தாண்டக் கூடாது என உரிமையியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. சேலம் வழக்குரைஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இது கண்டிப்பான விதியன்று, தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மேலும் அவகாசம் தரலாம் என்றது. ஆனால் 2015-இன் வணிக நீதிமன்றச் சட்டம், 120 நாளுக்குப் பின் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும் என வெளிப்படையாகச் சொன்னது. எனவே அங்கு அந்தக் கெடு கட்டாயமானது என்று 2019-இல் தீர்ப்பாயிற்று. விளைவைச் சொல்லாத 'ஷால்' நெகிழும். விளைவைச் சொல்லும் 'ஷால்' நெகிழாது என்பதே இவ்விரு தீர்ப்புகளிலிருந்து பெறப்படும் பொதுவான பாடம்.

ஆலோசனையா, இசைவா?

சொற்குழப்பத்தால் விளைந்த மிகப் பெரிய மாற்றம் நீதிபதிகள் நியமனத்தில்தான் நிகழ்ந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும் முன் தலைமை நீதிபதியுடன் 'கன்சல்டேஷன்', அதாவது கலந்தாலோசனை, நடத்த வேண்டும் என 124-வது பிரிவு கூறுகிறது. 'கன்கரன்ஸ்', அதாவது இசைவு, வேண்டும் என்று அது கூறவில்லை. இந்த வேறுபாட்டை அரசியல் நிர்ணய சபை அறியாமல் இருக்கவில்லை. தலைமை நீதிபதியின் இசைவு தேவை என்ற திருத்தத்தைச் சென்னை மாகாண உறுப்பினர் போக்கர் சாகிப் 1949 மே மாதம் முன்மொழிந்தார். தனியொருவரிடம் அத்தகைய மறுப்பதிகாரத்தை ஒப்படைப்பது ஆபத்தானது என்று கூறி அம்பேத்கர் அதை ஏற்க மறுத்தார்.

ஆலோசனை என்பது இசைவு ஆகாது என்றே 1981-இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆனால் 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றது. அந்தக் கருத்து, தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் சேர்ந்து உருவாக்குவதாக இருக்க வேண்டும் என 1998-இல் விளக்கப்பட்டது. இதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த 99-வது அரசியல் சட்டத் திருத்தம் 2015-இல் செல்லாது என அறிவிக்கப்பட்டது. அகராதியில் வெவ்வேறு பொருளுடைய இரு சொற்கள், நீதிமன்றத்தில் ஏறக்குறைய ஒரே பொருளைப் பெற்றுவிட்டன. இது சரியா, தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரு காற்புள்ளியின் விலை

சொற்கள் மட்டுமன்றி, நிறுத்தற்குறிகளும் சிறைவாசத்தைத் தீர்மானிக்கக் கூடும். மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் 27-வது பிரிவு, மருந்தை விற்பது, 'இருப்பு வைப்பது அல்லது காட்சிப்படுத்துவது விற்பனைக்காக' என்ற அமைப்பில் குற்றங்களை அடுக்கியிருந்தது. மருந்தை வெறுமனே வைத்திருப்பதே குற்றமா, விற்பதற்காக வைத்திருந்தால்தான் குற்றமா என்ற கேள்வி மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் எழுந்தது. 'இருப்பு வைப்பது' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி இல்லை. ஆகவே 'விற்பனைக்காக' என்பது அதையும் தழுவும் என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார். அங்கே ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் பொருளே வேறாகியிருக்கும்.

இதே சட்டத்தில் மருந்து என்பதன் இலக்கணத்தில் வரும் 'ஆண்ட்' என்ற இணைப்புச் சொல்லை 'ஆர்' என்ற பொருளில் படிக்க வேண்டும் என 1968-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. 'இதுவும் அதுவும்' என்பதற்கும் 'இது அல்லது அது' என்பதற்கும் உள்ள வேறுபாடு, சட்டத்தின் நோக்கத்துக்கு முன் பின்வாங்கியது.

மூன்று மாதமும் 90 நாளும்

பொதுமக்கள் அடிக்கடி தடுமாறுவது காலக்கெடுவில்தான். மூன்று மாதமும் 90 நாளும் ஒன்று எனப் பலர் எண்ணுகின்றனர். பொது விதிகள் சட்டம், 1897-இன்படி மாதம் என்பது ஆங்கில நாள்காட்டி மாதமாகும். நடுவர் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாத அவகாசம் அளிக்கும் சட்டப் பிரிவு குறித்த இமாசலப் பிரதேச வழக்கில், மூன்று மாதத்தை 90 நாளாகக் கணக்கிடக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சான்றாக, நவம்பர் 12-இலிருந்து மூன்று மாதம் பிப்ரவரி 12-இல் முடியும். 90 நாளோ பிப்ரவரி 10-இலேயே முடிந்துவிடும். இடையிலுள்ள இரண்டு நாளில் வழக்கு தொடுத்தவரின் உரிமை அடங்கியிருக்கிறது.

இந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு குழப்பத்தையும் தீர்க்கிறது. அரசியல் சட்டம் குடியரசுத் தலைவரை 'ஹி' என்று ஆண்பாலிலேயே குறிக்கிறது. ஆண்பால் சொல் பெண்பாலையும் குறிக்கும் என்ற அச்சட்டத்தின் விதி அரசியல் சட்டத்துக்கும் பொருந்துவதால், 2007-இல் பிரதிபா பாட்டீலும் 2022-இல் திரௌபதி முர்முவும் பதவியேற்றபோது ஒரு சொல்லையும் திருத்த நேரவில்லை. 'அவர்' என்று இருபாலுக்கும் பொதுவாகச் சொல்லும் தமிழில் இந்தச் சிக்கல் எழவே இடமில்லை.

சாமானியர் கவனிக்க வேண்டியவை

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. மொழிபெயர்ப்பாளர் 'வேண்டும்' என்பதை 'லாம்' என எழுதிவிட்டால், படிப்பவர் தம் உரிமையையே தவறாகப் புரிந்துகொள்வார். வங்கியிலிருந்தோ, வரித் துறையிலிருந்தோ ஆங்கிலத்தில் அறிவிக்கை பெறுபவருக்கும் இது பொருந்தும். அதில் உள்ளது கட்டளையா, வாய்ப்பா? கேட்கப்படும் ஆவணங்கள் எல்லாமுமா, ஏதேனும் ஒன்றா? கெடு மாதத்திலா, நாளிலா? அது கடிதத் தேதியிலிருந்து தொடங்குகிறதா, கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா? இவற்றைப் பார்த்த பிறகே அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும்.

நீதிமன்றம் ஒரு சொல்லை நெகிழ்த்திப் பொருள் கொள்ளலாம். ஆனால் அந்த நெகிழ்வைப் பெற ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருக்கும். சொல்லின்படி உரிய நாளில் செயல்படுபவருக்கு அந்தச் செலவு இல்லை.