உங்கள் திரை, உங்கள் நிறம்: விண்டோ மேனேஜரை நாமே கம்பைல் செய்யலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சாப்ட்வேர் என்றால் செட்டப் பைலில் டபுள் கிளிக் செய்து, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ் என்று அழுத்தி வரவழைப்பது என்றே நினைக்கிறார்கள். அந்தச் செட்டப் பைல் எங்கோ ஒருவர் சமைத்து அனுப்பிய பொட்டலம். உப்பு கூடவா, குறையவா என்று நம்மை யாரும் கேட்பதில்லை. ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரில் சமைப்பதற்கு முந்தைய அரிசியும் பருப்பும், அதாவது சோர்ஸ் கோட், நம் கைக்கே வந்துவிடும். அதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் புரோகிராமாக மாற்றுவதைத்தான் கம்பைல் செய்தல் என்கிறோம். இது புரோகிராமர்களுக்கு மட்டுமே உரிய வேலை அல்ல. சிறிய சாப்ட்வேர் ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒரு மாலையில் செய்து முடிக்கலாம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களில் பலர் லினக்ஸ் போட்டுப் பார்க்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் பொருந்துகிற சிறிய சாப்ட்வேர் ஒன்றை இங்கே பார்க்கலாம். அதன் பெயர் டி.டபிள்யூ.எம். டைனமிக் விண்டோ மேனேஜர் என்பதன் சுருக்கம்.

விண்டோ மேனேஜர் என்றால் என்ன? லினக்ஸில் திரையில் புள்ளிகளை வரைவது எக்ஸ் சர்வர் என்ற புரோகிராம். எந்த விண்டோ எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு அகலம், சுற்றிலும் என்ன நிறத்தில் கோடு என்பதையெல்லாம் முடிவு செய்வது விண்டோ மேனேஜர். விண்டோஸில் இவை பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கும். லினக்ஸில் தனித்தனி என்பதால் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம்.

டி.டபிள்யூ.எம்.மை 2006 ஆம் ஆண்டில் அன்செல்ம் கார்பே வெளியிட்டார். இதன் சோர்ஸ் கோட் 2000 வரிகளைத் தாண்டக் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். இதில் செட்டிங்ஸ் மெனு கிடையாது. நிறம், எழுத்து அளவு, குறுக்குவழி கீகள் எல்லாமே சோர்ஸ் கோடுக்குள் இருக்கின்றன. மாற்ற வேண்டும் என்றால் பைலைத் திருத்தி மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். இதனால் புதியவர்கள் இந்தப் பக்கம் வர மாட்டார்கள், அதுவும் நல்லதே என்கிற ரீதியில் அவர்கள் தளத்திலேயே கொஞ்சம் கர்வமாக எழுதி வைத்தார்கள். அதை நாம் பொருட்படுத்த வேண்டாம். கம்பைல் செய்வதைக் கற்றுக்கொள்ள இவ்வளவு சிறிய, சுத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

தேவையானவை

உங்களிடம் டெபியன் லினக்ஸ், எக்ஸ்எப்சிஇ டெஸ்க்டாப்புடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள டெஸ்க்டாப்பை நீக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். புதியது பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர வழி வேண்டுமல்லவா?

டெர்மினலைத் திறந்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்ற கட்டளையுடன் இந்தப் பெயர்களை இடைவெளி விட்டு டைப் செய்து என்டர் தட்டவும்: பில்ட்-எசென்ஷியல், லிப்எக்ஸ்11-டெவ், லிப்எக்ஸ்எப்டி-டெவ், லிப்எக்ஸினெராமா-டெவ், எக்ஸ்டெர்ம், சக்லெஸ்-டூல்ஸ். எல்லாமே ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில். சூடோ பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தால், டெபியன் இன்ஸ்டால் செய்த போது ரூட் பாஸ்வேர்ட் கொடுத்திருப்பீர்கள். அப்போது சு என்ற இரண்டு எழுத்துக் கட்டளை, ஓர் இடைவெளி, ஒரு ஹைபன் டைப் செய்து ரூட்டாக நுழைந்து, சூடோ இல்லாமல் அதே கட்டளையைக் கொடுக்கவும்.

பெயரின் கடைசியில் டெவ் என்று இருப்பவை எதற்கு? நம் புரோகிராம் எக்ஸ் சர்வரிடம் பேச வேண்டும். எந்த வார்த்தையில் பேசுவது என்ற விவரம் ஹெடர் பைல்களில் இருக்கும். சாதாரணப் பயன்பாட்டுக்கு அவை தேவைப்படாததால் டெவ் பொட்டலங்களில் தனியாக வைத்திருக்கிறார்கள். கம்பைல் செய்யும் போது எக்ஸ்லிப்.ஹெச் என்ற பைலைக் காணவில்லை என்று எரர் வந்தால் சோர்ஸ் கோடில் தவறு இல்லை. டெவ் பொட்டலம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். கம்பைல் செய்யப் போய்ப் பாதியில் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

சக்லெஸ் தளத்தில் உள்ள டி.டபிள்யூ.எம். பக்கத்திலிருந்து சோர்ஸ் கோடை டவுன்லோட் செய்யவும். வேறு எங்கிருந்தும் எடுக்க வேண்டாம். இன்ஸ்டால் செய்யும் போது ரூட் அதிகாரத்துடன் இயக்கப் போகிறோம், ஆகவே மூலம் எது என்பது முக்கியம். வந்த பைலில் ரைட் கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஹியர் கொடுத்தால் ஒரு போல்டர் கிடைக்கும். அதற்குள் சென்று, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ஓப்பன் டெர்மினல் ஹியர் கொடுக்கவும். டெர்மினலில் மேக் என்று மட்டும் டைப் செய்து என்டர் தட்டவும். சில வரிகள் ஓடும். சில நொடிகளில் முடிந்துவிடும். டி.டபிள்யூ.எம். என்ற பெயரில் புதிய பைல் ஒன்று போல்டரில் இருக்கும். அதுதான் நீங்கள் கம்பைல் செய்த புரோகிராம்.

ஆனால் இன்னும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மாறா நிலையில் உள்ள தோற்றத்தை முதலில் சரி செய்துகொள்வோம்.

எந்தப் பைலைத் திருத்துவது?

போல்டரில் கான்பிக்.டெப்.ஹெச் என்று ஒரு பைல் இருக்கும். அதில் மாறா நிலை அமைப்புகள் உள்ளன. முதல் முறை மேக் கொடுக்கும் போது அதிலிருந்து கான்பிக்.ஹெச் என்ற நகல் உருவாகும். அதன் பிறகு கம்பைலர் படிப்பது நகலை மட்டுமே. ஆகவே திருத்த வேண்டியது கான்பிக்.ஹெச் பைலை. மூலத்தைத் திருத்திவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று விழிக்க வேண்டாம். மூலம் அப்படியே இருந்தால், ஏதாவது சொதப்பினாலும் நகலை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

கான்பிக்.ஹெச் பைலை மவுஸ்பேடில் திறக்கவும். பல வரிகளின் ஓரத்தில் அந்த வரி எதற்கு என்ற குறிப்பும் இருக்கும். முதலில் எக்ஸ்டெர்ம் விஷயம். ஆல்ட்+ஷிப்ட்+என்டர் தட்டினால் டெர்மினல் திறக்க வேண்டும். மாறா நிலையில் அது எஸ்டி என்ற டெர்மினலைத் தேடும். உங்களிடம் அது இல்லை. டெர்ம்கமாண்ட் என்ற வரியில் மேற்கோள் குறிக்குள் உள்ள எஸ்டி என்பதை எடுத்துவிட்டு எக்ஸ்டெர்ம் என்று ஆங்கிலத்தில் மாற்றவும். இதைச் செய்யாமல் உள்ளே போனால், அந்தக் குறுக்குவழியைத் தட்டினாலும் டெர்மினல் திறக்காது.

அடுத்து மோட்கீ. எல்லாக் குறுக்குவழிகளும் ஆல்ட் கீயுடன் அமைந்துள்ளன. ஆல்ட்+எப் தட்டினால் விண்டோக்களின் அடுக்கு முறை மாறும். அதாவது லிப்ரே ஆபீஸில் பைல் மெனுவைத் திறக்க நீங்கள் பழகிய ஆல்ட்+எப் வேலை செய்யாது. மோட்1மாஸ்க் என்பதை மோட்4மாஸ்க் என்று மாற்றினால் ஆல்ட்டுக்குப் பதில் விண்டோஸ் கீ வரும். அநேகமாகச் சும்மா கிடக்கிற கீ அது. மாற்றிவிடுங்கள் என்பதே என் கட்சி.

இப்போது தோற்றம். மேலே ஐந்து நிறங்கள் இருக்கும். நாலு சாம்பல், ஒரு நீலம். நீலத்தின் எண் #005577. முதல் இரண்டு இலக்கம் சிவப்பு, அடுத்த இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். பதினாறு அடிமான எண்கள் என்பதால் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். இங்கே சிவப்பு 0, பச்சை 85, நீலம் 119. இப்போது எந்த விண்டோவில் டைப் செய்கிறீர்கள் என்பதைக் காட்டும் நிறம் இதுதான். #006633 என்று மாற்றினால் கரும்பச்சை, #993300 என்றால் செங்கல் நிறம். மேலே உள்ள பட்டை, விண்டோவைச் சுற்றிய கோடு, புரோகிராம் தேடும் டிமெனு எல்லாம் ஒரே நேரத்தில் மாறும்.

நிறத்தைவிட முக்கியம் கோட்டின் தடிமன். பார்டர்பிஎக்ஸ் என்பதன் மதிப்பு 1. ஒரு புள்ளி அகலக் கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு விண்டோவில் டைப் செய்வதாக நினைத்து இன்னொன்றில் டைப் செய்வீர்கள். 3 அல்லது 4 வைக்கவும். எழுத்து அளவு 10. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்துவதாக இருந்தால் 14 வைக்கலாம். பட்டையின் உயரம் எழுத்துக்கு ஏற்பத் தானாகவே கூடும். டிமெனுவுக்கு எழுத்து அளவு தனி வரியில் உள்ளது, அதையும் மாற்ற மறக்க வேண்டாம். டாப்பார் மதிப்பை 1லிருந்து 0 ஆக்கினால், விண்டோஸில் பழகியது போலப் பட்டை கீழே வந்துவிடும்.

மீண்டும் மேக் கொடுக்கவும். எரர் வந்தால் கான்பிக்.ஹெச் என்ற பெயருடன் ஒரு வரி எண் தெரியும். அந்த வரியையும் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். பெரும்பாலும் அரைப்புள்ளியோ மேற்கோள் குறியோ காணாமல் போயிருக்கும். பத்து எரர் வந்தாலும் முதல் எரரைச் சரி செய்தாலே மற்றவை பல நேரம் மறைந்துவிடும்.

சரியாக முடிந்தால் சூடோ மேக் இன்ஸ்டால் கொடுக்கவும். லாகின் திரையில் இதன் பெயர் வர வேண்டும் என்றால், யூஎஸ்ஆர் போல்டருக்குள் ஷேர், அதற்குள் எக்ஸ்செஷன்ஸ் என்ற போல்டரில் ஒரு சிறிய பைல் வேண்டும். அங்கே எக்ஸ்எப்சிஇக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கும். ரூட்டாக அதன் நகலுக்கு டி.டபிள்யூ.எம்.டெஸ்க்டாப் என்று பெயர் கொடுத்து, நேம், எக்செக் வரிகளில் டி.டபிள்யூ.எம். என்று ஆங்கிலத்தில் எழுதவும். ட்ரைஎக்செக் என்று ஒரு வரி இருந்தால் நீக்கவும். பிறகு லாக் அவுட் செய்து, லாகின் திரையின் மேல் மூலையில் உள்ள ஐகானில் புதிய பெயரைத் தேர்ந்தெடுத்து நுழையவும்.

பட்டையும் வெறும் திரையும்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். விண்டோஸ் கீ+பி தட்டினால் டிமெனு வரும், புரோகிராமின் பெயரை டைப் செய்து என்டர் தட்டலாம். விண்டோவை மூட விண்டோஸ் கீ+ஷிப்ட்+சி. வெளியேற விண்டோஸ் கீ+ஷிப்ட்+க்யூ, ஆனால் திறந்திருப்பதைச் சேவ் செய்த பிறகு. பட்டையில் உள்ள 1 முதல் 9 வரையான எண்கள் தனித்தனி மேசைகள் மாதிரி. பயர்பாக்ஸை 9க்கு அனுப்பும் ஒரு வரியும் கான்பிக் பைலில் இருக்கிறது. பிரவுசரைத் திறந்தும் காணவில்லை என்றால் விண்டோஸ் கீ+9 தட்டிப் பாருங்கள்.

தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய குறை ஒன்று உண்டு. பட்டையில் தமிழ்த் தலைப்பு வந்தால் எழுத்துகள் கலையும். செய்தி என்ற சொல்லில் ச முதலிலும், கொம்பு அதற்குப் பின்னாலும் தெரியும். கம்ப்யூட்டர் தமிழைச் சேமிக்கும் வரிசையும் அப்படித்தான். கொம்பை முன்னால் கொண்டுவருவது காட்டுகிற சாப்ட்வேரின் பொறுப்பு. டி.டபிள்யூ.எம். பயன்படுத்தும் எக்ஸ்எப்டி அதைச் செய்வதில்லை. எந்த பாண்ட் போட்டாலும் மாறாது. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் உள்ளே தமிழ் சரியாகவே இருக்கும், ஏனெனில் அந்த வேலையை அவையே பார்த்துக்கொள்கின்றன. பாங்கோ என்ற லைப்ரரியைச் சேர்க்கும் பேட்ச் ஒன்று சக்லெஸ் தளத்தில் உள்ளது. ஆனால் அது எழுதப்பட்ட பதிப்பும் உங்களிடம் உள்ள பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். தலைப்புகளில் தமிழ் அவசியம் என்பவர்களுக்கு ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜர் ஏற்றது. அதில் பாங்கோ உள்ளேயே இருக்கிறது, தோற்றத்தை மாற்றக் கம்பைல் செய்யவும் வேண்டாம்.

இன்னொன்று. லினக்ஸ் உலகம் எக்ஸிலிருந்து வேலாண்ட் என்ற புதிய முறைக்கு மாறி வருகிறது. டி.டபிள்யூ.எம். எக்ஸில் மட்டுமே இயங்கும். வேலாண்டுக்கு இதே பாணியில் டி.டபிள்யூ.எல். இருக்கிறது, அதையும் கம்பைல் செய்துதான் அமைக்க வேண்டும்.

கான்பிக்.ஹெச் பைலை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைக்கவும். புதிய பதிப்பு வரும் போது அதை அப்படியே போடாமல், புதிய கான்பிக்.டெப்.ஹெச் பைலுடன் ஒப்பிட்டு உங்கள் மாற்றங்களை மட்டும் சேர்க்கவும். வேண்டாம் என்று தோன்றினால் அதே போல்டரில் சூடோ மேக் அன்இன்ஸ்டால் கொடுத்து, எக்ஸ்செஷன்ஸில் வைத்த பைலையும் அழித்துவிடலாம்.