யானை விரட்டும் பட்டாசும் பட்டாளத்தாரின் தூக்கமும்... முன்னாள் ராணுவ வீரர்களுக்கு அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்?

நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது சேரம்பாடி. தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி யானைகள் ஊருக்குள் வரும் இரவுகள் இங்கே சகஜம். பட்டாசு வெடித்து விரட்டுவார்கள். யானை போனதும் ஊர் மறுபடியும் படுத்துவிடும்.

ஆனால், குண்டுச் சத்தத்துக்கு நடுவே பணியாற்றித் திரும்பிய ஒருவருக்கு, அந்த வெடிச்சத்தம் வேறு எதையோ நினைவுபடுத்தலாம். நெஞ்சு படபடக்கும், உடம்பு வியர்க்கும், விடியும்வரை தூக்கம் வராது. காலையில் கேட்டால், 'ஒண்ணுமில்ல' என்பார்.

ஓய்வுக்குப் பிறகும் தொடரும் போர்

நீலகிரிக்கும் ராணுவத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1758-ல் தொடங்கும் வரலாறு கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில்தான் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை சென்றவர்களில் அன்றைய இளைஞர்கள்கூட இன்று அறுபதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். 1999 கார்கில் போரைப் பார்த்தவர்கள் பலர் ஐம்பதை நெருங்குகிறார்கள், கடந்தும்விட்டார்கள்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநல பாதிப்பை மருத்துவர்கள் 'பி.டி.எஸ்.டி' என்கிறார்கள். கெட்ட கனவு, திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது, காரணமில்லாத கோபம், கூட்டத்தைத் தவிர்ப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். சம்பவம் நடந்து பல வருடங்கள் கழித்தும் இவை தலைகாட்டலாம். போருக்குப் போன எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தாலும், கவுன்சலிங், மருந்து மூலம் நன்றாகக் குணப்படுத்த முடியும்.

போர்முனையே பார்க்காதவர்களுக்கும் சிக்கல் உண்டு. ஜவான்கள் பலர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஓய்வு பெறுகிறார்கள். விசில் சத்தத்தில் விடிந்த வாழ்க்கை திடீரென நின்றுபோகும். பிள்ளைகள் அப்பா இல்லாமலே வளர்ந்து பழகியிருப்பார்கள். அந்த வெறுமையை கேன்டீன் கோட்டாவில் வரும் மது நிரப்பத் தொடங்கும்போதுதான் பிரச்னை பெரிதாகிறது.

உதவி எங்கே?

முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.ஹெச்.எஸ் மருத்துவத் திட்டம் 2003-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. மனநல சிகிச்சையும் இதில் அடக்கம். வெலிங்டனில் ராணுவ மருத்துவமனையும் உண்டு. ஆனால் சேரம்பாடியிலிருந்து கூடலூர், ஊட்டி வழியாக வெலிங்டன் போய்ச் சேர சுமார் 100 கிலோமீட்டர் மலைப்பாதை. 'எனக்கு மனசு சரியில்லை' என்று சொல்லவே கூச்சப்படும் மனிதர், தனியாக இத்தனை தூரம் பஸ் ஏறிப் போவாரா? அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரின் பங்கு முக்கியமாகிறது.

நாம் என்ன செய்யலாம்?

* இரவில் பட்டாசு வெடிக்க வேண்டியிருந்தால், முன்கூட்டியே அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். எதிர்பார்த்திருக்கும் சத்தம் அவ்வளவாக அதிரவைக்காது.

* 'எத்தனை பேரைச் சுட்டீங்க?' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். 'ராத்திரி தூங்கினீங்களாண்ணா?' என்று கேளுங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால், ஒரு டீ குடிக்கும் நேரம் கூட இருங்கள்.

* பொறுப்பு கொடுங்கள். ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்கு ஓட்டப்பயிற்சி தர அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

* ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். உரிமைகள், சலுகைகள் பற்றிய சந்தேகங்களுக்கு ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

* அவருடைய மனைவியையும் விசாரியுங்கள். அந்த வீட்டில் தூங்காத இன்னொருவர் அவர்தான்.

* 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்பது போன்ற பேச்சு வந்தால், சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோட்டத்துப் பூச்சிமருந்து, லைசென்ஸ் துப்பாக்கி, மது ஆகியவற்றை அவர் கைக்கு எட்டாமல் வைத்து, தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவும் தொடங்கப்பட்டது. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

டிசம்பர் 7-ம் தேதி கொடிநாளுக்கு நாம் எல்லோரும் நிதி கொடுக்கிறோம். நல்ல விஷயம்தான். அதோடு, அடுத்த முறை ஊருக்குள் யானை வந்துபோன மறுநாள் காலை, பட்டாளத்தார் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.