புகை இல்லாத காருக்கும் ஒரு புகைபோக்கி உண்டு!

பகலில் சார்ஜ் போட்டால் சூரியன். சாயங்காலம் போட்டால் கரி

சென்னை நகரில் மின்சார கார்கள் பெருகி வருகின்றன. அண்ணா சாலையிலும் ஓடுகிறது, பழைய மகாபலிபுரம் சாலையிலும் பறக்கிறது. புகை இல்லை. சத்தம் இல்லை. பெட்ரோல் பங்க் பக்கம் தலை வைத்துப் படுப்பதே இல்லை.

ஆனால் அந்தக் காருக்கும் புகை உண்டு! அது காரின் பின்னால் வருவது இல்லை. நகருக்கு வடக்கே, அத்திப்பட்டில், வானத்தை முட்டி நிற்கும் புகைபோக்கி வழியாக வருகிறது.

அந்தப் புகை கூடுவதும் குறைவதும், காரை எந்த நேரத்தில், எந்த இடத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

தொட்டி இல்லாத பங்க்

பெட்ரோல் பங்கில் தரைக்கு அடியில் தொட்டி இருக்கிறது. காலையில் லாரியில் வந்த பெட்ரோலை சாயங்காலம் விற்கலாம். நாளைக்கும் விற்கலாம்.

சார்ஜ் ஏற்றும் நிலையத்தில் தொட்டி கிடையாது. நீங்கள் ஸ்விட்சைப் போடும் அதே நொடியில், எங்கேயோ ஒரு மின்நிலையம் அந்தக் கரண்டை உற்பத்தி செய்தாக வேண்டும். வெயில் அடித்தால் சூரியன் தரும். காற்று வீசினால் காற்றாலை தரும். இரண்டும் இல்லை என்றால்? கரியைத்தான் கூடுதலாக அள்ளிப் போட வேண்டும்.

"ஏன் சார், ஸ்விட்சு போட்டா கரண்ட் வருது. அதுல சூரியன் என்ன, கரி என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதில் கணக்கில் இருக்கிறது.

100 கிலோ மீட்டர் கணக்கு

நகருக்குள் ஓடும் பெட்ரோல் கார் ஒன்று லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ மீட்டருக்கு 6 லிட்டர் 700 மில்லி பெட்ரோல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2 கிலோ 300 கிராம் கரியமில வாயு வெளியாகும். மொத்தம் 15 கிலோ.

அதே தூரத்துக்கு மின்சார காருக்கு 15 யூனிட் வேண்டும். கம்பியில் போகும் நஷ்டம், சார்ஜ் ஏறும்போது சூடாகிப் போகும் நஷ்டம் எல்லாம் சேர்த்தால் 17, 18 யூனிட் ஆகிவிடும்.

இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் முக்கால் பங்குக்குப் பக்கத்தில் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. எல்லா மின்நிலையங்களையும் சேர்த்து சராசரி பார்த்தால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு. அந்தக் கணக்கில் மின்சார கார் 100 கிலோ மீட்டருக்கு 12 கிலோ. பெட்ரோல் காரை விட 3 கிலோ குறைவு. அவ்வளவுதான்!

முழுக்க முழுக்க நிலக்கரிக் கரண்டாக இருந்தால்? யூனிட்டுக்கு 950 கிராம் ஆகிவிடும். அப்போது 100 கிலோ மீட்டருக்கு 16 கிலோ சொச்சம். பெட்ரோல் காரும் அதுவும் ஏறத்தாழ சரிக்குச் சரி. பெட்ரோலைச் சுத்திகரிக்கும் புகையையும் சேர்த்தால் மின்சார கார் கொஞ்சம் முன்னால் நிற்கும். ஆனால் அந்தக் காரின் பேட்டரியைத் தயாரிக்கும்போதே ஒரு மூட்டைப் பாவம் ஏறி இருக்கிறது. அதை ஓடி ஓடித்தான் கழிக்க வேண்டும்.

அதே காரை சூரிய வெளிச்சக் கரண்டில் ஓட்டினால் ஓட்டும் புகை கிட்டத்தட்ட பூஜ்யம்.

அதே கார், அதே சாலை, அதே டிரைவர். கடிகார முள் மட்டும்தான் வேறு!

சாம்பல் யார் தலையில்?

மின்சார கார் வந்ததால் நன்மையே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தியாகராயநகர் நடைபாதையில் கடை போட்டிருப்பவர், வெயிலில் நிற்கும் போக்குவரத்து போலீஸ்காரர், ஆட்டோ டிரைவர், பஸ்சுக்குக் காத்து நிற்கும் நாம்... இத்தனை பேரும் நாள் முழுதும் வண்டிப் புகையைத்தான் மூச்சாக இழுக்கிறோம். மூக்குக்கு நேரே வரும் அந்தப் புகையை மின்சார கார் நிறுத்திவிடுகிறது. பெரிய லாபம்தான்.

ஆனால் நம்முடைய மூக்கில் இருந்து எடுத்த புகையை இன்னொருவர் மூக்கில் விடலாமா?

ஒரு காலத்தில் நகரத்தின் கரண்டுக்காக பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரிந்தது. பிறகு எண்ணூருக்குப் போனது. 1970-ம் ஆண்டு தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-ம் ஆண்டு மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின்நிலையம் வந்துவிட்டது. பக்கத்திலேயே வல்லூர் மின்நிலையமும் வந்தது. இரண்டும் சேர்ந்து 3,300 மெகாவாட்டுக்கு மேல். போதாதென்று 2024-ம் ஆண்டு இன்னொரு 800 மெகாவாட் நிலையமும் தொடங்கி வைக்கப்பட்டது. புகை ஒழியவில்லை, வடக்கே வடக்கே வீடு மாற்றிக்கொண்டு போனது!

அங்கே புகையோடு சாம்பலும் உண்டு. ஒரு யூனிட் கரண்டுக்கு 650 கிராம் நிலக்கரி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். சின்ன கார் ஒன்றில் 25 யூனிட் நிரப்பினால், அது முழுக்க கரிக் கரண்ட் என்றால், 16 கிலோ நிலக்கரி எரிந்திருக்கும். 5 கிலோ சாம்பல் மிஞ்சி இருக்கும்.

அந்தச் சாம்பல் தண்ணீரில் கரைக்கப்பட்டு குழாய் வழியாக சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் உடைந்தும் கசிந்தும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் கலந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சாம்பல் குளத்தை ஒட்டி செப்பாக்கம் என்று ஒரு கிராமம். காற்று அடித்தால் வீட்டுக்குள் சாம்பல். ஆற்றில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு காலடியில் சேற்றோடு சாம்பல். கார் வைத்திருப்பவர்கள் அங்கே எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

சென்னையில் போடும் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் அத்திப்பட்டில் இருந்துதான் கரண்ட் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. கூடங்குளம் அணுமின்சாரம், நெய்வேலி மின்சாரம், முப்பந்தல் காற்றாலை மின்சாரம் எல்லாம் ஒரே வலையில் கலந்துதான் வருகிறது. ஆனால் சூரியன் மறைந்த பிறகு தேவை கூடினால், ஈடு கொடுக்கும் வேலை பெரும்பாலும் கரியின் தலையில்தான் விழுகிறது.

சாயங்காலக் கூட்டம்

மாலை 6 மணிக்கு என்ன நடக்கிறது? ஆபீஸ் விட்டு எல்லோரும் வீடு திரும்புகிறோம். விளக்கு, பேன், டி.வி., ஏ.சி. எல்லாம் ஒரே நேரத்தில். அந்த நேரத்தில்தான் சூரிய மின்சாரம் கையை விரித்துவிடுகிறது. கார் வைத்திருப்பவரும் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக சார்ஜரைச் சொருகுகிறார்.

60 கிலோவாட் வேக சார்ஜர் ஒன்று இழுக்கும் கரண்ட், ஒன்றரை டன் ஏ.சி. 40-ஐ ஒன்றாக ஓட்டுவதற்குச் சமம்! ஒரு தெருவில் இப்படி இரண்டு வைத்தால் அந்தத் தெரு டிரான்ஸ்பார்மர் என்ன பாடுபடும்?

பகலில் கதை தலைகீழ். தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்துக்குப் பஞ்சம் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ம் ஆண்டு தொடங்கிய நிலையம் மட்டுமே 648 மெகாவாட். சில வேளைகளில் "போதும், நிறுத்துங்கள்" என்று சூரிய மின் உற்பத்தியாளர்களைத் தடுக்க வேண்டிய நிலை கூட வந்திருக்கிறது. அதனால் நஷ்டப்பட்டவர்கள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2021-ம் ஆண்டு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது.

இலவசமாக வரும் வெயிலை பகலில் திருப்பி அனுப்பிவிட்டு, ராத்திரிக்கு கரியை விலை கொடுத்து வாங்குவதா?

பகலிலும் கரி நிலையங்கள் முழுசாக நின்றுவிடுவது இல்லை. அது உண்மை. ஆனாலும் பகல் கரண்டில் சூரியனின் பங்கு கூடுதல். ஆனி, ஆடி மாதங்களில் காற்று வீசும்போது ராத்திரியிலும் காற்றாலை சுழலும். தமிழ்நாட்டில் காற்றாலைகள் 10,000 மெகாவாட்டுக்கு மேல் உண்டு. மற்ற மாதங்களில் ராத்திரிக்குக் கரியே கதி.

70 ரூபாயா, 130 ரூபாயா?

மத்திய மின்சார அமைச்சகம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி விதிகளில் ஒரு கணக்கு சொல்லப்பட்டு இருக்கிறது. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சார்ஜ் நிலையங்களுக்கான கரண்ட் விலை, அடக்க விலையில் 0.7 மடங்கு. மற்ற நேரங்களில் 1.3 மடங்கு.

நம்ம கணக்கில் சொன்னால்: 100 ரூபாய் அடக்கமாகும் கரண்ட் பகலில் 70 ரூபாய், மற்ற வேளையில் 130 ரூபாய். ஏறத்தாழ இரட்டிப்பு வித்தியாசம்!

ஒவ்வொரு மாநிலத்திலும் விலையை முடிவு செய்வது அந்தந்த ஒழுங்குமுறை ஆணையம்தான். ஆனால் பாதை எது என்பது தெளிவு.

கேள்வி இதுதான்: நிலையம் நடத்துபவருக்குக் கிடைக்கும் அந்த 30 ரூபாய் சலுகை, கார்க்காரர் கைக்கு வருகிறதா? பகலிலும் ராத்திரியிலும் ஒரே விலை என்றால் எவர் வேலையை விட்டுவிட்டு பகலில் வந்து சார்ஜ் போடுவார்? ஓட்டல் வாசலில் விலைப் பட்டியல் எழுதிப் போடுவது போல, ஒவ்வொரு சார்ஜ் நிலையத்திலும் "பகல் விலை இவ்வளவு, ராத்திரி விலை இவ்வளவு" என்று பலகை தொங்க வேண்டாமா?

எங்கே வைப்பது?

நாடு முழுதும் பொது சார்ஜ் நிலையங்கள் 2024 டிசம்பரில் 25,000-ஐத் தாண்டின. பக்கத்து கர்நாடகத்தில் மட்டும் 5,700-க்கு மேல். மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டத்தில் 2,000 கோடி ரூபாய் செலவில் 72,300 சார்ஜர்கள் வைப்பதாக இலக்கு. அதில் 22,100 கார்களுக்கு, 1,800 பஸ்களுக்கு, மீதி 48,400 ஸ்கூட்டர், ஆட்டோ வகையறாவுக்கு. நகரங்களில் 2030-க்குள் ஒரு கிலோ மீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலையம் வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

எண்ணிக்கை சரி. இடம்?

வேலைக்குப் போகிறவரின் கார் பகலில் எங்கே நிற்கிறது? ஆபீஸ் வாசலில், ரெயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்கில், ஆஸ்பத்திரி வளாகத்தில், ஜவுளிக்கடை அடித்தளத்தில். சார்ஜரும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதற்கு 60 கிலோவாட் ராட்சச சார்ஜர் தேவையே இல்லை. தினம் 40 கிலோ மீட்டர் ஓடும் காருக்கு 6 யூனிட் போதும். 3.3 கிலோவாட் சாதாரண சார்ஜரில் இரண்டே மணி நேரம். அது இழுப்பது இரண்டு ஏ.சி. அளவுக் கரண்டுதான். காலை 9 முதல் மாலை 4 வரை 7 மணி நேரம் சொருகி வைத்தால் 23 யூனிட். கார் கிட்டத்தட்ட நிரம்பியே விடும். வேக சார்ஜர் நெடுஞ்சாலைக்கு. நிதான சார்ஜர் பார்க்கிங்குக்கு.

கடைக்காரர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை. அதற்கு லைசென்ஸ் தேவை இல்லை என்று மத்திய அரசு 2018-ம் ஆண்டே விளக்கம் கொடுத்துவிட்டது. ஈ.பி.யில் தனி இணைப்பு வாங்கி, பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தால் போதும். மொட்டை மாடியில் சூரியத் தகடும் இருந்தால் சரக்கு மேலே இருந்தே இறங்குகிறது!

கார் இல்லாதவருக்கு என்ன?

"எனக்கு ஏது கார்? நான் பஸ்சில் போகிறவன்" என்கிறீர்களா? பஸ்சும் வந்துவிட்டது. 2025 ஜூன் 30-ந்தேதி வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பகல் முழுதும் ரோட்டில் ஓட வேண்டிய பஸ், நிம்மதியாக சார்ஜ் ஏற்றிக்கொள்ள ராத்திரிதான் நேரம். கூட்டம் குறையும் நடுப்பகலில் கொஞ்சமாவது ஏற்ற முடிந்தால் அதுவும் லாபம். பகல் சூரியனைப் பெரிய பேட்டரிகளில் பிடித்து வைத்து ராத்திரிக்குக் கொடுக்கும் ஏற்பாடு பரவலாக வந்தால் மீதிப் பிரச்சினையும் தீரும்.

மின்சார வண்டி இந்த ஊருக்குப் புதிது அல்ல. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் 1895-ம் ஆண்டு ஓடியது நம் சென்னையில்தான். 1953-ம் ஆண்டு அது நின்று போனது. அந்தக் காலத்தில் கரண்ட் என்றால் கரிதான். வேறு வழி இல்லை.

இன்று வழி இருக்கிறது. உச்சி வெயில் ஊருக்குள் கொட்டுகிறது. ஆபீஸ் வாசலில் ஒரு பிளக் இருந்தால் போதும், அந்த வெயிலில் கார் ஓடும். செப்பாக்கத்தில் 5 கிலோ சாம்பல் குறையும்.

மின்சார கார் வாங்கியவர்களே! ஸ்விட்சைப் போடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். ஆபீஸ் நடத்துபவர்களே! பார்க்கிங்கில் ஒரு பிளக் வையுங்கள். விலையை முடிவு செய்பவர்களே! அந்தப் பலகையைத் தொங்க விடுங்கள்!