எழுதும் கை – 9: சொன்னவர் யார்?

மூன்று அசைன்மென்ட் தாள்கள். மூன்று கையெழுத்து, ஒரே கட்டுரை. ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. மூவரையும் கூப்பிட்டேன். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி கண் கலங்கிவிட்டாள். “சார், பிளஸ் டூ வரைக்கும் புத்தகத்துல இருக்கறத அப்படியே எழுதினாத்தான் ஃபுல் மார்க். இங்க வந்தா அப்படியே எழுதக் கூடாதுங்கறீங்க. வேற எப்படி எழுதறதுன்னு யாருமே சொல்லித் தரலையே!”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பன்னிரண்டு ஆண்டுகள் மனப்பாடத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, பதின்மூன்றாம் ஆண்டில் அதையே திருட்டு என்கிறோம். இடையில் கற்றுத்தர வேண்டிய ஒன்றை விட்டுவிட்டோம்.

சொற்களை மாற்றிவிட்டால் போதும் என்று பெரும்பாலான பிள்ளைகள் நம்புகிறார்கள். ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. அதைவிடப் பெரிய திருப்பம், மழையை நம்பியிருந்த உழவன் மதகை நம்பத் தொடங்கியதுதான்.’ மாணவர் எழுதுகிறார்: ‘1895-ல் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கு நோக்கிச் சென்ற தண்ணீர் கிழக்கு நோக்கித் திரும்பியது. அதைக் காட்டிலும் பெரிய மாற்றம், வானத்தை நம்பிய விவசாயி மதகை நம்பியதே.’ சொல் மாறியிருக்கிறது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இதுவும் நகல்தான்.

இந்த மூன்று வரிகளில் ஆசிரியருக்குச் சொந்தமானது எது? 1895 அல்ல, அணையின் ஆண்டு எல்லோருக்கும் பொது. நீர் திரும்பியதும் பொதுச்செய்தி. ‘மழையிலிருந்து மதகுக்கு’ என்ற பார்வைதான் அவர் யோசித்துக் கண்டது. அதற்கு அவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும், நம் சொற்களில் எழுதினாலும்கூட. இந்தப் பிரிப்பு பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சென்ற வாரம் குறிப்பெடுப்பது பற்றிச் சொன்னேன். அது உதவுவது இங்கேதான். பத்தியைப் படித்துப் புத்தகத்தை மூடிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். மூலத்தின் சொற்றொடர் உங்களை அறியாமல் வந்திருந்தால் மேற்கோள் குறி போடுங்கள், அல்லது மாற்றி எழுதுங்கள். நூல், ஆசிரியர், பக்கம் மூன்றையும் குறிப்பெடுக்கும்போதே எழுதிவிடுங்கள். கடைசி இரவில் தேடினால் கிடைக்காது.

ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி வகுத்தது. ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. இதைப் படித்த பலர் 10 சதவீதத்தை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். மென்பொருள் சொற்கள் ஒத்துப்போவதை எண்ணும். நேர்மையை அதனால் எண்ண முடியாது. முறையாக மேற்கோள் காட்டிய பத்தியையும் அது வண்ணமிட்டுக் காட்டலாம்; ஆங்கில நூலிலிருந்து தமிழாக்கி ஒளித்த கருத்தைக் கோட்டைவிடவும் செய்யலாம்.

பெயர் சொல்வது நமக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்தோர் வகுத்ததைச் சொல்லும்போது ‘என்ப’ என்று முடிக்கிறார். ‘இப்படிச் சொல்வர்’ என்ற அந்த ஒரு சொல்லில் முன்னோருக்கு உரியதை அவர்களிடமே விட்டுவிடுகிறார். இலக்கணத்துக்கே முதல்வராக நாம் கொண்டாடும் அவருக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பருவத்தின் முதல் அசைன்மென்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். நகல் தெரியும் இடங்களில் பென்சிலால் கோடிட்டு, மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். அந்த மூவரையும் நான் அப்படித்தான் எழுதவைத்தேன். இரண்டாம் முறை மூன்று வெவ்வேறு கட்டுரைகள் வந்தன.